உடன்பாடு வந்துவிட்டது, வாக்கு இன்னும் விழவில்லை

2025 மார்ச் 8, சனிக்கிழமை, அதிகாலை 12.01 மணி. ரொரன்ரோ மாநகரசபையின் உள்ளகப் பணியாளர்கள் சட்டப்படி வேலைநிறுத்தத்தில் இறங்கலாம் என்று குறிக்கப்பட்டிருந்த நேரம் அது. கனடியப் பொதுத்துறை ஊழியர் சங்கத்தின் 79ஆம் கிளையில் ஏறத்தாழ 30,000 பேர் இருக்கிறார்கள். சமூக நிலையங்களில் நீச்சல் பழக்குபவர்கள், மாநகரசபை நடத்தும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்பவர்கள், பொதுச் சுகாதாரத் தாதியர், மாநகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்தால் பதில் சொல்பவர்கள் என்று பட்டியல் நீளும். குப்பை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் வேறு சங்கங்கள். ஆகவே ஸ்காபரோவின் வோபர்னில் பஸ் ஓடியிருக்கும். ஆனால் பிள்ளையைக் காலையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓட இடம் இருந்திராது.

சனி விடிவதற்குள் தற்காலிக உடன்பாடு எட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று பலர் நிம்மதியடைந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அப்போது எதுவும் முடியவில்லை.

மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கும் இடத்தில் காலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நம்மவர் நிறையப் பேர். பள்ளிக்கூடத் துப்புரவு, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரிச் சமையலறை, மாநகரசபை அலுவலகம் என்று பொதுத்துறையில் சம்பளம் வாங்குபவர்கள் அவர்களுக்குள் கணிசம். சம்பளச் சீட்டில் யூனியன் சந்தா கழிவது எல்லோருக்கும் தெரியும். 1946இல் நீதிபதி ஐவன் ராண்ட் வழங்கிய தீர்ப்பு அதன் மூலம்: சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஒப்பந்தத்தின் பலனை அனுபவிப்பவர் சந்தா கட்ட வேண்டும். அந்தச் சந்தாவுக்கு ஈடாகக் கிடைக்கும் மிகப் பெரிய உரிமையை, அதாவது ஒப்பந்தத்துக்கு ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ சொல்லும் வாக்கை, பலர் பாவிப்பதே இல்லை.

ஒன்ராறியோவில் நடைமுறை இதுதான். பழைய ஒப்பந்தம் காலாவதியானாலும் பழைய சம்பளமும் விதிகளும் உடனே போய்விடாது. பேச்சு இழுபட்டால் தொழில் அமைச்சின் சமரச அதிகாரி வருவார். அவராலும் முடியாவிட்டால், சமரச சபை அமைக்கப்போவதில்லை என்று அமைச்சு அறிவிக்கும். சங்கத்தவர்கள் அதை ‘நோ போர்ட்’ என்பார்கள். அதிலிருந்து 17ஆம் நாள் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் சட்டபூர்வமாகும். 12.01 என்ற அந்த நேரம் இந்தக் கணக்கில் வருவது. பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியே முடிவதற்கும் இதுவே காரணம். கடைசி மணி நேரம் வரை இரு தரப்பும் துருப்பைக் கையில்தான் வைத்திருக்கும்.

மேசையில் கையெழுத்தாவது ஒரு சிபாரிசு மட்டுமே. இரகசிய வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால்தான் அது ஒப்பந்தமாகும். சங்கத்தில் சேராதவர்களுக்கும் அந்த வாக்கு உண்டு. மறுபக்கத்தில் மாநகரசபையும் ஒப்புதல் தர வேண்டும். 79ஆம் கிளையின் விடயத்தில் இரண்டும் நடந்தன. நான்காண்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2008 ஏப்ரலில் நகரின் பொதுப் போக்குவரத்தை நடத்தும் ரிரிசி நிர்வாகமும் ஊழியர் சங்கமான 113ஆம் கிளையும் தற்காலிக உடன்பாடு கண்டன. நகரம் மூச்சு விட்டது. அந்த வார வெள்ளிக்கிழமை வாக்கு எண்ணினால் 65 வீதமானவர்கள் எதிர்ப்பு. பஸ் ஓட்டுநர்களுக்கு நல்லது செய்துவிட்டுப் பராமரிப்புத் தொழிலாளரைக் கைவிட்டார்கள் என்பது பலரின் கோபம். ஏப்ரல் 25 வெள்ளி நள்ளிரவில் வண்டிகள் நின்றன. வேலைநிறுத்தம் செய்வதானால் 48 மணி நேர அவகாசம் தருவோம் என்று சங்கம் முன்பு சொல்லியிருந்தது. கிடைத்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சட்டமன்றம் கூடி, ஊழியர்களை வேலைக்குத் திருப்பும் சட்டத்தை நிறைவேற்றியது. தலைவர்கள் கையெழுத்திட்டதை உறுப்பினர்கள் தூக்கியெறியலாம் என்பதற்கு இந்நகரில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பயணிகளுக்குச் செய்தது அநியாயம் என்பதும் உண்மை.

பிறகு 2011இல் ரிரிசி வேலைநிறுத்தத்தையே மாகாணம் தடைசெய்தது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2023 மே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை திரும்பிய பின் 113ஆம் கிளைக்கு வந்த முதல் சோதனை 2024 ஜூனில். அப்போதும் நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் உடன்பாடு வந்தது.

பிடிக்காமலே ஏற்றுக்கொண்ட கதையும் உண்டு. 2022 நவம்பரில் பள்ளிக்கூடங்களின் துப்புரவாளர், கல்வி உதவியாளர், எழுதுவினைஞர் என 55,000 பேரின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க டக் ஃபோர்டின் மாகாண அரசு சட்டம் நிறைவேற்றியது. மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை தண்டம். அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தில் உள்ள 33ஆம் பிரிவைப் பாவித்து நீதிமன்றத்துக்கும் வழியடைத்தார்கள். அப்படியிருந்தும் நவம்பர் 4 அன்று அவர்கள் வெளியே வந்தார்கள். ரொரன்ரோ அரச பள்ளிகள் மூடப்பட்டன. மற்றச் சங்கங்களும் சேரும் என்ற நிலை வந்ததும் அரசு பின்வாங்கிச் சட்டத்தை மீளப் பெற்றது. நவம்பர் 20இல் உடன்பாடு: ஆண்டுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் உயர்வு. ஆள்சேர்ப்புக்குப் புதுப் பணம் இல்லை. சங்கத் தலைவி லோரா வோல்ற்றன் இது தனக்குப் பிடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லியே உறுப்பினர்களிடம் விட்டார். 73 வீதம் ஆதரவு. தலைவர் ஒருவர் இதைவிட நேர்மையாக ஓர் ஒப்பந்தத்தை உறுப்பினர் முன் வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் வேலைநிறுத்த உரிமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி, முதியோர் இல்ல ஊழியர்கள் ஒன்ராறியோவில் வெளியே வர முடியாது. இழுபறி வந்தால் நடுவர் தீர்ப்புத்தான்.

நம் வீடுகளில் மூத்தவர்கள் ‘யூனியன் விசயத்துக்குப் போகாதை’ என்பார்கள். காரணம் இருக்கிறது. இலங்கையில் 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு 40,000க்கு மேற்பட்டவர்களை வேலையை விட்டே துரத்தியது. தமிழ்நாட்டில் 2003இல் சுமார் 1,70,000 அரசு ஊழியரும் ஆசிரியரும் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பிறகு திரும்பினார்கள் என்றாலும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு சொன்னது. கனடிய உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் நேர்மாறாக, அந்த உரிமையை அரசியலமைப்பின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஊரில் பட்ட பயத்தை இங்கே வாக்குச்சீட்டு வரை காவிவரத் தேவையில்லை.

சம்பள வீதத்தை மட்டும் பார்த்து வாக்களிப்பதும் புத்தியல்ல. உயர்வு பழைய ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து கணக்கிடப்படுமா, பகுதிநேர ஊழியருக்கு ஷிப்ட் உறுதி உண்டா, மருந்து, பல் காப்புறுதியில் என்ன மாற்றம், வேலையை வெளியாருக்குக் கொடுக்கத் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் விளங்காவிட்டால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்பதில் வெட்கமில்லை. இப்போது பல வாக்கெடுப்புகள் இணையத்தில் நடக்கின்றன; இணைப்பு பெரும்பாலும் சொந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். உங்கள் கிளையில் உங்கள் மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.