சமையல் மேடையில் லெட்யூஸ்: மெஷின் வாங்கும் முன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பலருக்கு மாடியும் கிடையாது, வெயிலும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்திலும் மண் இல்லாமல் லெட்யூஸ் கீரை வளர்க்க உதவுவதுதான் மேடை மேல் வைக்கும் ஹைட்ரோபோனிக்ஸ் மெஷின். தண்ணீர்த் தொட்டி, சின்ன பம்ப், எல்இடி விளக்கு, டைமர். உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். உரம் கலந்த பிறகு டிடிஎஸ் 600 முதல் 800 வரை இருந்தால் லெட்யூஸுக்குப் போதும். உங்கள் போர்வெல் தண்ணீரே 800 காட்டினால் உரத்துக்கு இடமில்லை. எது உப்பு, எது உரம் என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. எனவே ஆர்ஓ தண்ணீரில் உரம் கலக்குங்கள்.

அறை 30 டிகிரியைத் தாண்டினால் விதை முளைப்பது கஷ்டம். ஏ.சி. இல்லாதவர்கள் மார்கழியில் ஆரம்பிப்பது நல்லது.

30 வாட் விளக்கு தினம் 16 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் ஆகும். நைட் ஷிஃப்ட்காரர்கள் தாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் விளக்கு எரியும்படி டைமரை வைக்கலாம். கீரைக்கு இரவு பகல் தெரியாது!

ஆப் விஷயத்தில் உஷார். 2006-ல் விற்பனைக்கு வந்த அமெரிக்காவின் ஏரோகார்டன், 2024 இறுதியில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தது. இப்படி நடந்தால் ஆப்பை நம்பி ஓடும் மெஷினின் கதி? ஆப் இல்லாமல் பட்டனிலேயே டைமர் செட் செய்ய முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் அந்த செட்டிங் அழியாமல் இருக்கிறதா என்பதையும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.