பக்கவழியாக வரும் மரபுரிமை

மரபுரிமை என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வருவது என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். உயிரினங்களின் தோற்றம் குறித்து 1859ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற ஒரே வரைபடமும் கிளைவிட்டுப் பிரியும் மரத்தையே ஒத்தது. இவ்வுருவகத்தின்படி, ஒருமுறை பிரிந்த கிளைகள் மீண்டும் கூடுவதில்லை. ஆனால் நெருங்கிய உறவில்லாத உயிர்களுக்கிடையிலும் மரபணுக்கள் பக்கவாட்டாகக் கடந்து செல்கின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. இச்செய்தியைக் கேட்கும் சிலர், பரிணாமக் கொள்கையே வீழ்ந்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடும். போதிக்கும் பொறுப்புடைய நாம், சபைக்கு முன்பாக எதையும் கூறுமுன் உண்மை நிலையை அறிந்திருத்தல் கடமையாகும்.

1. கண்டறியப்பட்ட விதம்

1928ஆம் ஆண்டு இலண்டனில் பிரெடரிக் கிரிபித் என்பவர் நிமோனியாக் கிருமிகளில் இருவகையை ஆராய்ந்தார். மேலுறை உடைய வகை சுண்டெலிகளைக் கொன்றது. மேலுறையற்ற வகை தீங்கு செய்யவில்லை. வெப்பத்தினால் கொல்லப்பட்ட முதல்வகைக் கிருமிகளையும், உயிருள்ள இரண்டாம்வகைக் கிருமிகளையும் ஒருங்கே செலுத்தியபோது எலிகள் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் மேலுறையுடைய கிருமிகள் உயிரோடு காணப்பட்டன. இறந்த கிருமிகள் உயிர்பெற்று எழவில்லை. உயிரோடிருந்தவை இறந்தவற்றின் தன்மையைப் பெற்றுக்கொண்டன. அத்தன்மையைக் கடத்திய பொருள் டி.என்.ஏ. என்பதை 1944இல் நியூயார்க்கில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகிய மூவரும் நிலைநாட்டினர்.

நுண்ணுயிர்களிடையே இப்பரிமாற்றம் நிகழும் வழிகளுள் மூன்று முதன்மையானவை. சூழலில் கிடக்கும் டி.என்.ஏ.வை ஒரு நுண்ணுயிர் உட்கொள்ளுதல் முதலாவது. இரண்டு நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று தொட்டு இணையும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லுதல் இரண்டாவது. இது 1946இல் அறியப்பட்டது. நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரசுகள் ஒன்றின் மரபணுவை மற்றொன்றுக்குச் சுமந்து செல்லுதல் மூன்றாவது; இது 1952இல் அறியப்பட்டது.

2. நோயும் மருந்தும்

இதனை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி என எண்ணலாகாது. 1950களில் ஜப்பானில் பரவிய சீதபேதியின் கிருமிகளுட் சில, நான்கு வெவ்வேறு மருந்துகளுக்கு ஒருங்கே கட்டுப்படாதிருந்தன. தற்செயலான நான்கு மாற்றங்கள் ஒரே கிருமியில் ஒருங்கே நேர்ந்தன என்று கொள்வது கடினம். எதிர்ப்பாற்றல் குடலில் வாழும் வேறோர் இன நுண்ணுயிரிலிருந்து தொடர்பின் வழியே சீதபேதிக் கிருமிக்குச் செல்லக்கூடும் என்பதை 1959இல் ஒச்சியாய், அக்கிபா ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையத்தில் அம்மரபணுக்கள் ஒன்றாக அமைந்திருந்து ஒன்றாகவே கடந்து சென்றன.

ஆகவே, தேவையின்றி உட்கொள்ளப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தீங்கற்ற குடல் நுண்ணுயிர்களிடையே எதிர்ப்பாற்றல் உடையவற்றைப் பெருகச் செய்கிறது. அவை பின்னர் நோய்க்கிருமிகளுக்கு அவ்வாற்றலை வழங்கக்கூடும். ஒருவரது கவனக்குறைவின் விளைவை வேறொரு நோயாளி சுமக்க நேரிடுகிறது.

3. பிற உயிரினங்களில்

விலங்குகளிடத்தும் இத்தகைய பரிமாற்றத்திற்குச் சான்றுகள் உண்டு. காப்பிக் காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு, காப்பிக்கொட்டையிலுள்ள ஒருவகை மாவுப்பொருளைச் செரிப்பதற்குரிய மரபணுவை நுண்ணுயிரிலிருந்து பெற்றுள்ளது என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டைய வைரசுகள் விட்டுச் சென்றதாகும். அவற்றுள் ஒரு மரபணு, தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி உருவாவதில் பங்குபெறும் புரதத்தைத் தருகிறது. தாக்க வந்த ஒன்றின் எச்சம் குழந்தையைக் காக்கும் உறுப்பில் பணிசெய்கிறது.

எனினும் எச்சரிக்கை தேவை. மனிதரிடம் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து நேரே வந்திருக்கலாம் என்று 2001இல் கூறப்பட்டது. மேலும் பல உயிரினங்களோடு ஒப்பிட்டபோது அவ்வாண்டிலேயே அவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வேறு உயிரினங்கள் சில மரபணுக்களை இழந்துவிட்டதும் அத்தோற்றத்திற்கு ஒரு காரணம்.

4. மரம் வீழ்ந்ததா?

உயிரின் தொடக்ககால வரலாற்றை மரத்தைவிட வலைக்கு ஒப்பிடுவதே பொருத்தம் என்று 1999இல் ஃபோர்டு டூலிட்டில் வாதிட்டார். நுண்ணுயிர்களைப் பொறுத்தமட்டில் இக்கருத்துக்கு மிகுந்த வலுவுண்டு. ஆனால் விலங்குகளிலும் தாவரங்களிலும் கிளையமைப்பு தெளிவாகவே நிலைக்கிறது. ஒரு மரபணு வெளியிலிருந்து வந்தது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? ஏனைய மரபணுக்கள் காட்டும் உறவுமுறைக்கு அது மாறுபட்டு நிற்பதாலேயே அறிகிறோம். மரம் இல்லையெனில் இவ்விலகலை அறியவும் வழியில்லை. மேலும், வந்த மரபணு நிலைத்துப் பரவுவதற்கு இயற்கைத் தெரிவும் துணைபுரிகிறது.

எனவே, இவ்வாய்வுகள் பொதுவான மூதாதை மரபை மறுக்கின்றன என்று பிரசங்கபீடத்தில் நின்று நாம் கூறுவோமாயின், அது உண்மைக்கு மாறான சாட்சியமாகும். பழைய வரைபடத்தில் திருத்தத்திற்கு இடமே இல்லை என்பதும் அவ்வாறே தவறு. அறிவியல் பயிலும் நம் இளைஞர் இதைக் குறித்து வினவும்போது, இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எடுத்துரைக்க வேண்டும்.