பெட்டியில் போட்டிருக்கும் வாட் எல்லாம் பாத்திரத்துக்கு வராது

மைக்ரோவேவ் அவன் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் லிட்டர் கணக்குச் சொல்வார். அடுத்து, எத்தனை ‘ஆட்டோ மெனு’ இருக்கிறது என்பார். சமைப்பவருக்கு உண்மையில் வேண்டிய எண்ணை நாமாகக் கேட்டால்தான் உண்டு. அது அவுட்புட் வாட்.

ஒரே கருவியின் ஸ்டிக்கரில் இரண்டு மூன்று வாட் கணக்குகள் இருக்கும். சுவரிலிருந்து 1,200 வாட் இழுக்கும் கருவி, உணவுக்குக் கொடுப்பது 700 அல்லது 800 வாட்தான். மிச்சமெல்லாம் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சூடாக வீணாகிறது. விசிறி வெளியே ஊதித் தள்ளுவது அதைத்தான். கன்வெக்‌ஷன் மாடல்களில் 2,000 வாட்டுக்கு மேலும் போட்டிருப்பார்கள். அது கேக் சுடுவதற்கான ஹீட்டரின் கணக்கு. மைக்ரோவேவ் முறையில் நேற்றைய சாம்பாரைச் சூடாக்கும்போது அந்த ஹீட்டருக்கு வேலையே இல்லை.

அவுட்புட் கூடினால் நேரம் குறையும். 700 வாட்டில் 5 நிமிடம் பிடிக்கும் காய், 1,000 வாட்டில் ஏறக்குறைய மூன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். சமையல் குறிப்பில் வாட் சொல்லாமல் நிமிடம் மட்டும் எழுதுகிறவர்களை நம்பவே கூடாது.

அதற்காக, பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது. நுண்ணலைகள் உணவுக்குள் பெரும்பாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான் புகும். அதற்கு உள்ளே இருப்பது வெளிச்சூடு மெல்லப் பரவித்தான் வேக வேண்டும். முழு வேகத்தில் வைத்தால் உருளைக்கிழங்கின் ஓரம் காய்ந்து தோலாகும், நடு பச்சையாகவே இருக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கத் தெரிந்த கருவி வேண்டும். சாதாரண மாடலில் 50 சதவீதம் என்று வைத்தால் அது பாதி வேகத்தில் ஓடுவதில்லை. கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் நிறுத்தம் என்று மாறி மாறி ஓடும். பால் பொங்குவது இதனால்தான். இன்வெர்ட்டர் வகை, குறைந்த வேகத்திலேயே நிற்காமல் ஓடும். கரண்ட் போனால் கைகொடுக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் இருக்கும் கருவியின் சக்தியைச் சோதிக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். 1 லிட்டர் குளிர்ந்த நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு சக்தியில் சரியாக 1 நிமிடம் வையுங்கள். கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய அவுட்புட் வாட். 10 டிகிரி ஏறினால் 700. மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் அந்த நேரத்திலும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

என் கணக்கில், நால்வர் உள்ள வீட்டுக்கு 800 முதல் 900 வாட் அவுட்புட் தாராளம். கீரை, காய் வேகவைக்க, எண்ணெயில்லாமல் அப்பளம் சுட அது போதும். சோறு வடிக்க எத்தனை வாட் இருந்தாலும் பெரிதாக நேரம் மிச்சமாகாது. அரிசி தண்ணீரை உறிஞ்சும் வேகத்தை அலை மாற்றிவிடாது. தாளிப்புக்கு அடுப்புதான். கேக், பிஸ்கட் சுடாதவர்கள் கன்வெக்‌ஷனுக்குப் பணம் கொட்ட வேண்டாம். அதை இன்வெர்ட்டருக்குப் போடலாம்.

பணம் கட்டும் முன் சமையலறைச் சுவரைப் பாருங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட்தான். தனி 16 ஆம்பியர் பாயின்ட் இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் செருகாதீர்கள்.