உங்க போனை ஒட்டுக் கேட்க யார் கையெழுத்து போடணும்? தேர்தலுக்குப் பிறகு வந்த புதிய விதிகள் சொல்வது என்ன?

ஏற்காட்டில் இருக்கும் ஒருவரின் போனை போலீஸ் ஒட்டுக் கேட்க வேண்டும். அனுமதி தருவது யார்? சேலம் கலெக்டரா, நீதிபதியா? இருவருமே இல்லை. மாநில உள்துறைச் செயலாளர் அல்லது மத்திய உள்துறைச் செயலாளர்தான்.

சட்டம் எப்போ மாறியது?

1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்துக்கு மாற்றாக, தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பரில் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆகியிருந்தனர். ஒட்டுக்கேட்பு பற்றிய 20-வது பிரிவு அமலுக்கு வந்தது மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு, 2024 ஜூன் 26-ல். நடைமுறை விதிகளை மத்திய அரசு டிசம்பர் 6-ல் வெளியிட்டது.

விதிகள் என்ன சொல்லுது?

* பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்புக்காக மட்டுமே அனுமதி.
* ஒரு உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது.
* ஒவ்வொரு உத்தரவையும் மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும்.

மலைப்பகுதிக்கு விதிவிலக்கா?

தொலைதூரப் பகுதி என்பதாலோ செயல்பாட்டுக் காரணங்களாலோ முன்அனுமதி வாங்க முடியாவிட்டால், மாநிலத்தில் ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத உயரதிகாரியே உத்தரவிடலாம். 7 வேலை நாட்களுக்குள் உள்துறைச் செயலாளர் உறுதி செய்யாவிட்டால் உத்தரவு காலாவதி. பதிவானதை ஆதாரமாகவும் காட்ட முடியாது.

அப்போ சிக்கல் எங்கே?

உத்தரவு போடுபவரும் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி. மாநில மறுஆய்வுக் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர். குழுவில் நீதிபதியும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை.

கோர்ட் என்ன சொன்னது?

லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது 'பொது அவசரநிலை' ஆகாது என்றார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்கே போகவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புதான். ஆனால், அதே இரண்டு நிபந்தனைகள் புதிய சட்டத்திலும் இருக்கின்றன.

நம்ம போனைக் கேட்டால் நமக்குத் தெரியுமா?

கேட்டு முடித்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. பதிவு வழக்கில் ஆதாரமாக வந்தால்தான் பெரும்பாலும் தெரியவரும். வழக்கே இல்லையென்றால், கேட்டதும் தெரியாது, விதி மீறியிருந்தால் அதுவும் தெரியாது.