ராஜபாளையத்துப் பாறையும் கடலில் விழுந்த பள்ளமும்

சிவகாசி கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நில அளவைக்கு வருபவர்களின் ஜிபிஎஸ் கருவியை எந்தத் திருத்தமும் செய்யாமல் ஊர் நடுவில் வைத்தால், அது பத்து மீட்டரை ஒட்டிய ஓர் எண்ணைத்தான் காட்டும். கருவியில் பழுதில்லை. செயற்கைக்கோள்கள் உயரத்தைக் கடலிலிருந்து கணக்கிடுவதில்லை. துருவங்களில் சற்றே தட்டையான, மேடுபள்ளம் இல்லாத ஓர் உருண்டையைப் பூமிக்குப் பதிலாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து கணக்கிடுகின்றன. நம் பக்கத்துக் கடல் அந்தக் கணக்குப் பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

தெற்கே போகப் போக இந்த இறக்கம் கூடுகிறது. இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் 106 மீட்டரை எட்டுகிறது. உலகத்தில் இதைவிட ஆழமான ஈர்ப்புப் பள்ளம் வேறில்லை. பரப்பளவு சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய இந்தியா அளவு. டச்சு அறிவியலாளர் ஃபெலிக்ஸ் வெனிங் மெய்னெஸ் 1948-இல் கப்பலில் ஈர்ப்பு விசையை அளந்தபோது இது தெரியவந்தது. பள்ளம் என்றதும் கப்பல்கள் அதில் இறங்கி ஏறுவதாக நினைக்க வேண்டாம். அங்கே போகிறவருக்கு எதுவும் தெரியாது. அந்த இடத்துக்குக் கீழே நிறை கொஞ்சம் குறைவு; ஆகவே இழுப்பும் குறைவு. இழுப்பு அதிகமான பக்கங்களில் தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது, இங்கே மட்டம் தாழ்ந்துவிடுகிறது.

நிறை ஏன் குறைந்தது? 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயீ கோஷ் இருவரும் ஒரு விடை சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள, பூமியின் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையில் இருக்கிற, 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கும் கவசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது உருகிய குழம்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பலர். தவறு. அது திடப்பாறை. சவ்வுமிட்டாயைச் சட்டென்று தட்டினால் உடைகிறது, மெல்ல இழுத்தால் நீள்கிறது அல்லவா, அதைப் போல இந்தப் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஓடுகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகம். குளிர்ந்தது கனத்துக் கீழே போகும், சூடானது மேலே வரும்.

இந்தியா கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே கிளம்பியபோது, அதற்கும் ஆசியாவுக்கும் இடையில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்தியா நெருங்க நெருங்க அந்தக் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் போய்க் கவசத்துக்குள் மூழ்கியது. குளிர்ந்த அந்தத் தரைப் பலகைகள் கருவத்தின் விளிம்பு வரை இறங்கி, ஆப்பிரிக்காவுக்கு அடியில் குவிந்திருந்த சூடான பாறையைக் கலைத்துவிட்டன. கலைந்த சூடு தூண்களாக மேலே எழுந்து இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் பரவியது என்கிறது அந்த ஆய்வு. சூடான பாறைக்கு அடர்த்தி குறைவு. 14 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து தொடங்கி, வெவ்வேறு அனுமானங்களோடு 19 முறை கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். சூடான தூண்கள் எழும்பிய மாதிரிகளில்தான் பள்ளம் சரியாக விழுந்தது. இன்றைய வடிவம் வந்து சுமார் 2 கோடி ஆண்டுகள் இருக்கும். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கடலுக்கு அடியில் அந்தத் தூண்களை அதிர்வலைகளில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறார்கள் ஏற்காதவர்கள். கேட்பது நியாயம்தான்.

ஏனென்றால் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் போட்ட ஆழ்துளைதான் மனிதன் தோண்டியதில் மிக ஆழமானவற்றுள் ஒன்று: 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மீதியை அதிர்வுதான் சொல்லவேண்டும். திரவத்துக்குள் போகாத ஒருவகை நிலநடுக்க அலை கருவத்தின் விளிம்பில் நின்றுபோவதால்தான் வெளிக்கருவம் திரவம் என்று தெரிந்தது. அதற்குள் இன்னொரு கருவம் இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டுபிடித்தார். செவ்வாயிலும் இதே முறைதான். 2018-இல் இறங்கிய இன்சைட் விண்கலம் அங்கே 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது.

நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால்? வெடி வைப்பார்கள். இதைக் கேட்டுச் சிவகாசிக்காரர்கள் சிரிக்கலாம், ஆனால் உண்மை. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக் கழகம் குப்பம் முதல் பழனி வரை துளையிட்டு வெடிமருந்து வைத்து, எதிரொலித்து வந்த அலைகளைப் பதிவு செய்தது. மேலோடு அந்தப் பகுதியில் 40 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் என்று அதில் தெரிந்தது.

அதைவிட எளிய சாட்சி விருதுநகர் மாவட்டத்திலேயே கிடக்கிறது. ராஜபாளையம் பகுதிப் பாறைகளில் சஃபிரின் என்ற கனிமம் உண்டு. சரியான துணைக் கனிமங்களோடு அது இருந்தால், அந்தப் பாறை சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வெந்தது என்று பொருள். பக்கத்துக் கனிமங்கள் காட்டும் அழுத்தத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா கண்டங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்த காலத்தில் நடந்தது இது. ஆர்.ஆர். நகர், ஆலங்குளம் சிமெண்ட் ஆலைகளுக்குப் போன மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லும் அதே வழியில் வந்ததுதான். கடலடியில் படிந்து, மேலோட்டின் அடிவயிறு வரை போய் வெந்து, பளிங்காகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே தெரிந்தது. ஆழத்துக்குப் போய்த் திரும்பிய கல்லைக் கொண்டுதான் நாம் தளம் போடுகிறோம்.

சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. உலகத்து ஆய்விதழ்களில் பேர் வந்த ராஜபாளையத்துப் பாறைகள் அப்படி அறியப்படவில்லை. ஜல்லியாக உடைபடுவதற்கு முன், இரண்டு மூன்று இடங்களையாவது ஒதுக்கி, தமிழில் ஒரு பலகை நட்டு, மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டும் வேலையை மாவட்ட நிர்வாகம் எடுத்துச் செய்யவேண்டும்.