பழைய படகும் புதிய இயந்திரமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் இயந்திரப் படகுகள் கடலில் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்ட இத்தடை தமிழகத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் பொதுவானது. படகுகள் கரையேறுவதும், தச்சர்களுக்கு வேலை குவிவதும், வங்கிக் கிளைகளுக்குப் பழுதுபார்ப்புக் கடன் விண்ணப்பங்கள் வந்து சேர்வதும் இந்நாள்களில்தான். கொல்கத்தாவில் பணியாற்றும் எனக்கு அத்தகைய விண்ணப்பங்கள் சிலவற்றை ஆராயும் வாய்ப்புக் கிட்டியது. பெரும்பாலானவை வேண்டியது ஒன்றையே: கூடுதல் குதிரைத்திறன் கொண்ட இயந்திரம்.

ஹூக்ளி ஆற்றில் ஓடும் சிறு படகுகளுள் பல, துடுப்புக்கும் பாய்க்குமாகக் கட்டப்பட்ட வடிவத்தையே இன்றும் கொண்டவை. கொல்கத்தாவுக்கு வடக்கே ஆற்றங்கரையில் உள்ள பலாகர், இவற்றைக் கட்டுவதில் நெடுநாளாகப் பெயர் பெற்ற ஊர். அங்கே முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, இரும்புப் பட்டை ஆணிகளால் கவ்வ வைத்து ஓட்டினை உருவாக்குவர். வங்குகள் எனப்படும் விலா மரங்கள் பிறகே உள்ளே பொருத்தப்படும். ஆகவே படகின் வலிமை பெரிதும் அப்பலகைகளிலும் அவற்றைக் கவ்வும் ஆணிகளிலுமே தங்கியுள்ளது. இத்தகைய படகில் வயலுக்கு நீரிறைக்கும் டீசல் இயந்திரத்தைப் பொருத்தியதே வங்கத்தின் ‘புட்புட்டி’. அதன் ஓசையே அதற்குப் பெயராயிற்று. அருகில் நின்று பேச முயன்றோருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

துடுப்பு படகை அதிரச் செய்வதில்லை; டீசல் இயந்திரம் இடைவிடாது அதிரச் செய்கிறது. ஆணிகள் மெல்லத் தளர்கின்றன. தளர்ந்த இடத்தில் நீர் கசிகிறது, இரும்பு துருவேறுகிறது, துரு சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கச் செய்து மென்மையாக்குகிறது. மேலே தார் பூசியிருப்பதால் இது கண்ணுக்குத் தெரியாது. நான் பார்வையிடச் சென்ற படகொன்றில், உடன் வந்த மிஸ்திரி ஆணி வரிசையை ஒட்டிக் குத்தூசியை அழுத்தினார். அது விரல் ஆழம் இறங்கியது. அப்படகின் உரிமையாளர் கேட்டிருந்த கடன் முழுவதும் புதிய இயந்திரத்துக்கானது.

அவர் எதிர்பார்த்தது வேகம். ஆனால் நீரை விலக்கிச் செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே ஏறத்தாழ வரம்பு கட்டுகிறது. படகு எழுப்பும் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, அது தன் அலையின் மீதே ஏற முயல்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அந்நிலை மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டரில் வருகிறது. அதற்கு மேல் இயந்திரத்தின் திறனை இரட்டிப்பாக்கினாலும் வேகம் சிறிதே கூடும். டீசல் செலவோ பெருமளவு கூடும். எடை மிகுந்த இயந்திரத்தால் அமரம், அதாவது பின்பகுதி, தாழ்ந்து அலைநீர் உட்புகவும் இடமுண்டு.

பழுது பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கரையில் வாரக்கணக்கில் காய்ந்த படகின் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். அவ்விடைவெளி முழுவதையும் இறுக்கமாகக் கலப்பற்று அடைத்துவிட்டால், நீரில் இறங்கியதும் மரம் ஊதி, போக இடமின்றி ஆணிகளையே தள்ளிவிடும். மட்டாக அடைத்து, மீதியை மரத்திடம் விடுவதே சரி. கலப்பற்றின் மேல் பனிச்சைக் காயின் சாற்றையும் தாரையும் பூசுவது வங்கத்து வழக்கம். பனிச்சையை அவர்கள் ‘காப்’ என்கின்றனர்.

நன்னீரில் உழைத்த படகைத் தெற்கே சுந்தரவன உவர்நீருக்குக் கொண்டுசெல்வோர் கப்பல் புழுவையும் கணக்கிற்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நன்னீரில் வாழாத அது, உவர்நீரில் மரத்தைத் துளைத்துவிடும். அடிப்பகுதிக்கு உலோகத் தகடு அடிப்பது ஒரு காப்பு. ஆயினும் அழுகிய பலகையின் மேல் அடித்த தகடு அழுகலை மறைக்குமேயன்றி நிறுத்தாது. அலுமினியத் தகடாயின் அதன்மேல் செம்பு கலந்த வண்ணம் பூசலாகாது. உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் மின்கலம் போலாகி, அலுமினியம் அரித்துப்போகும்.

கடனைப் பற்றிச் சில சொற்கள். 2018–19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டை வசதி மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எரிபொருள், பனிக்கட்டி, கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு உரியது அது. குறித்த வரம்புக்குள் பெற்று உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. கடல் மீனவராயின் பதிவு செய்த படகும் மீன்பிடி உரிமமும் தேவை. இயந்திரம் வாங்குவது நடைமுறைச் செலவன்று; அதற்குத் தவணைக் கடனே பொருந்தும். இயந்திரத்தை மாற்றியவர் பதிவுச் சான்றிலும் காப்பீட்டு ஆவணத்திலும் அம்மாற்றத்தைக் குறிப்பிடச் செய்தல் வேண்டும். காகிதத்தில் ஓர் இயந்திரமும் படகில் வேறோர் இயந்திரமுமாக இருந்தால், இழப்பீடு கோரும் நாளில் அது வழக்காகிவிடும்.

குத்தூசி இறங்கிய படகின் உரிமையாளருக்கு முதலில் என்மீது வருத்தந்தான். இரண்டு நாள் கழித்து அவரே வந்து விண்ணப்பத்தை மாற்றி எழுதித் தந்தார்: மூன்று பலகைகள், ஆணிகள், கலப்பற்று, தச்சுக் கூலி. கேட்ட தொகை முன்னதில் பாதிக்கும் குறைவு. ஜூன் 15 அன்று அப்படகு பழைய இயந்திரத்துடனேயே நீரில் இறங்கியது.