ஆச்சியின் கையும் திரையின் பொம்மையும்

குற்றாலத்துச் சாரல் தென்காசியைத் தாண்டி இலத்தூர் வயல்களையும் நனைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாம் அறிந்த ஒரு பங்குக் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. செபமாலைக்கான ஆயத்தம் என்றே எண்ணினோம். அதுவன்று, அவ்வீட்டுப் பேரன் தன் ஆச்சிக்கு விளையாட்டுக் கற்பித்துக்கொண்டிருந்தான்!

இரு மாதங்களுக்கு முன் ஆச்சியைப் பக்கவாதம் தாக்கியிருந்தது. நடை ஒருவாறு மீண்டுவிட்டது, வலக்கை மீளவில்லை. சிலுவை அடையாளம் வரையவும் இடக்கையையே நாட வேண்டியிருந்தது, அவருக்குப் பெருந்துயரம். கையை நாள்தோறும் பலமுறை அசைக்க வேண்டும் என மருத்துவர் கூறியிருந்தார். சுவரில் விரலை ஏற்றி இறக்கும் பயிற்சியோ ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. வளைகுடாவிலிருந்து மாமன் முன்பு கொண்டுவந்து பரணில் கிடந்த ‘வீ’ என்னும் கருவியைப் பேரன் தேடி எடுத்தது அப்போதுதான்.

சப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கருவி இது. இன்று இதன் விற்பனை நின்றுவிட்டது; பத்துக் கோடிக்கும் மேல் விற்றமையால், பழைய கருவிகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. கையில் பிடிக்கும் கோலை வீசினால் திரையிலுள்ள பொம்மை பந்தை வீசும். தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின் அமர்ந்தவரின் கையசைவே பாவையின் அசைவாவது போன்றதே இதுவும். ஆயினும் இங்கே கைக்கும் பாவைக்கும் இடையே குச்சியில்லை, ஊகம் இருக்கிறது.

கோலினுள் முடுக்கமானி என்றொரு நுண்ணிய உறுப்பு உண்டு. கை எங்கே இருக்கிறது என்பதை அது அறியாது. வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது, புவி எத்திசையில் இழுக்கிறது என்பவற்றை மட்டுமே அறியும். எஞ்சியதைக் கருவி ஊகித்து, பொம்மையை அசைக்கிறது. தொலைக்காட்சியருகே வைக்கும் ‘உணர்கோல்’ என்பது பெயரளவில்தான் உணர்கோல். அது எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளியை வீசுவதே அதன் தொழில். கையிலுள்ள கோலின் முனையிலுள்ள சிறு கண் அவ்வொளிகளைக் கண்டு, தான் திரையில் எந்த இடத்தைச் சுட்டுகிறது எனக் கணக்கிடுகிறது. மெழுகுதிரிச் சுடரிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. உணர்கோலின் கம்பி அறுந்துபோனதால் பேரன் செபமேடையின் திரிகளை எடுத்து வைத்த மர்மம் இதுவே. (திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியிருந்தான் என்பதையும் கண்டு மகிழ்ந்தோம்.)

வேக மாற்றத்தையும் புவியின் இழுப்பையும் மட்டும் அறிவதால் ஏமாற்றவும் முடிகிறது. டென்னிசு ஆட்டத்தில் பேரன் நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சற்றே சொடுக்கினான். திரையில் பொம்மை ஓடிப் பந்தை அடித்தது. ஓடும் பொறுப்பைக் கருவியே ஏற்றுக்கொள்கிறது. ஆச்சியோ தோளிலிருந்து முழுக்கையையும் வருந்தி உயர்த்தினார். வேகம் போதாமையால் பொம்மை அசையவில்லை. ஆச்சி பட்ட பாட்டைக் கருவி அறியவில்லை. நோயாளர் வகையில் இது சிறு குறையன்று. கை வராதபோது உடலை முழுவதும் சாய்த்துக் கோலை வீசிவிடலாம்; ஆட்டம் வெல்லும், கை அப்படியே இருக்கும். அருகிலிருந்து கவனிப்பவர் தேவை.

அடுத்துப் பந்துருட்டும் ஆட்டம். பின்புறப் பொத்தானை அழுத்திக் கையை வீசி, உரிய நேரத்தில் விரலை விட வேண்டும். ஆச்சியின் விரல் முந்தி விட்டுவிட்டது. பந்து பின்னோக்கிப் பறக்க, திரையில் நின்ற கூட்டம் துள்ளி விலகியது. வீடே சிரித்தது. நோய்க்குப் பின் ஆச்சி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்றார் மருமகள்.

கோலே வேண்டாமென்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010-இல் ‘கினெக்ட்’ என்னும் கருவியைக் கொணர்ந்தது. அறையெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளைத் தெளித்து, உடலின் 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை குறித்துக்கொள்ளும் வியத்தகு கருவி அது. அதற்கு ஆறடிக்கு மேல் வெற்றிடம் வேண்டும்; நம் கூடங்களில் கட்டிலையும் நெல்மூட்டையையும் எங்கே தள்ளுவது? 2017-இல் அதன் உற்பத்தி நின்றது.

இவற்றால் நோயுற்ற கை உண்மையில் தேறுமா? கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் 22 பேரிடம் நடந்த சிறு ஆய்வொன்று, 2010-இல் ‘வீ’ ஆட்டத்திற்கு ஆதரவாகவே பேசிற்று. அக்குழு அதோடு நில்லாமல், பக்கவாதம் கண்டு மூன்று மாதங்களுக்குட்பட்ட 141 பேரை நான்கு நாடுகளில் சேர்த்துச் சோதித்தது. வழக்கமான பயிற்சியோடு, ஒரு சாராருக்கு ‘வீ’. மறு சாராருக்குச் சீட்டாட்டம், கட்டை அடுக்குதல் போன்ற எளிய விளையாட்டுகள். 2016-இல் முடிவு வெளியாயிற்று: இரு சாராரும் தேறினர், இருவருக்குமிடையே வேறுபாடு இல்லை.

இதனைக் கேட்ட பேரனின் முகம் வாடியது. ஆச்சி வாடவில்லை. “அப்போ பல்லாங்குழியை எடுல” என்றார்.

புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழியிலிடுவது விரல்களுக்கு எத்தகைய உழைப்பு என்பதை அருகிலிருந்து பார்த்தாலன்றித் தெரியாது. முதல் சுற்று முடிய அரைமணி ஆயிற்று. பாதிக் கொட்டை தரையில். பேரன் பொறுமையாகப் பொறுக்கிக் கொடுத்தான், ஓரிரு முறை தன் குழிக்கும் சேர்த்துக்கொண்டான். ஆச்சி அதனைக் கண்டுபிடித்தார்.

இத்தகைய கருவி வீட்டிலுள்ளோர் இயன்முறை மருத்துவரைக் கேட்டே தொடங்குவது நலம். கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள். தள்ளாடுவோரை அமர்த்தி ஆடச் செய்யுங்கள்.

சென்ற மாதம் மீண்டும் இலத்தூர் சென்றோம். வார நாள்களில் பல்லாங்குழி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் பந்துருட்டல் என்று ஏற்பாடாம். ஆச்சியின் வலக்கை இப்போது நெற்றிவரை எழுகிறது, நெஞ்சைத் தொடுகிறது. இடத்தோளை இன்னும் எட்டவில்லை.